வாங்காதவர்

கடைத்தெருவில் அவருக்கு வைத்திருந்த பெயர் வாங்காதவர். வைத்தது மளிகைக் கடைக்காரர். கோபத்தில் வைத்த பெயரல்ல. யாரையும் அவர்கள் வாங்கும் பொருளைச் சொல்லியே அடையாளம் காட்டிப் பழகிய மனிதர் அவர். இருமல் மிட்டாய்க்காரர், அரைக்கிலோ சர்க்கரை அம்மா, வாசனை சோப்பு வாத்தியார் என்று ஊரே அவர் வாயில் சரக்காகத்தான் இருக்கும். இந்த ஒருவர் மட்டும் வாரத்தில் இரண்டு முறை கடை வாசலைத் தாண்டித் தலை நிமிர்ந்து போவார், உள்ளே காலெடுத்து வைக்க மாட்டார். வேறு என்ன பெயர் வைப்பது?

பெயர் காதில் விழுந்த அன்று வாங்காதவருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, அடுப்புப் புகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மனைவியிடம் பதக்கம் வாங்கிவந்தவர் மாதிரி சொன்னார்.

"என்னை வாங்காதவர்னு கூப்பிடறாங்களாம்."

"கிண்டல் பண்றாங்க."

"மரியாதை. உனக்குப் புரியாது."

அவளுக்குப் புரியாதவை என்று அவர் ஒதுக்கிவைத்திருந்தவற்றில் மண், மழை, பூச்சி, ருசி, உழைப்பின் இன்பம் எல்லாம் அடக்கம். களை பிடுங்குவது மட்டும் அவளுக்கு நன்றாகப் புரியும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

முன்பு அவர் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். டவுனில் தையற்கடைக்கு மேலே இரண்டு அறை வீடு. அது அவளுடைய அப்பா அவள் பெயரில் எழுதிவைத்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். ஜன்னலைத் திறந்தால் பஸ் ஸ்டாப் தெரியும். யார் யாரோடு ஏறுகிறார்கள், யார் யாருக்காகக் காத்துக் காத்து ஏறாமலே போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே அவள் வெங்காயம் உரிப்பாள். பிள்ளைகள் இல்லை. பிள்ளை இல்லாத வீட்டில் சிலர் பூனை வளர்ப்பார்கள். அவர் ஒரு கொள்கையை வளர்த்தார். மனிதன் தனக்கு வேண்டியதைத் தானே விளைவித்துக்கொள்ள வேண்டும், கடை என்பது கைகால் விளங்காதவர்களுக்கான ஏற்பாடு என்பது கொள்கை. பூனை என்றால் பால் வைத்தால் போதும். இதற்கு வேலையை விட வேண்டியிருந்தது. சரிவில் கிடந்த கொஞ்சம் நிலத்தை வாங்க வேண்டியிருந்தது. அதில் இருந்த ஓட்டு வீட்டையும், தூர்ந்துபோன கிணற்றையும், அந்தக் கிணற்றைச் சுற்றிப் படர்ந்திருந்த பேய்ச்சுரைக் கொடியையும் சேர்த்து ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

மூன்று வருஷம் அரைகுறையாக ஓடியது. பாதி விளைந்தது, மீதி டவுன் கடையிலிருந்து வந்தது. அந்த மீதி வரும்போதெல்லாம் அவர் சாவு வீட்டுக்குப் போகிறவர் முகத்தோடு பையைத் தூக்கிவருவார். நான்காம் வருஷம் மழைக்கு முன்னால் அவள் வாயைத் திறந்து கேட்டுவிட்டாள்.

"இப்படியே எத்தனை நாளைக்கு? போதும், டவுனுக்குப் போயிடலாம்."

அவர் கூரையைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"ஒரு வருஷம் குடு. இந்த முதல் மழையிலேருந்து அடுத்த முதல் மழை வரைக்கும். சாப்பாட்டுச் சாமான் எதுவும் கேட்டைத் தாண்டி உள்ள வரலேன்னா டவுன் வீட்டை வித்துடணும். காலத்துக்கும் இங்கதான்."

"வந்துட்டா?"

"வந்துட்டா நீ சொல்றபடி. அன்னிக்கே பஸ் ஏறிடலாம்."

"உப்பு?"

"உப்பு, தீப்பெட்டி, மருந்து. இந்த மூணும் கணக்குல வராது."

"காப்பி?"

ஒரு நிமிஷம் யோசித்தார். அவருக்கும் காப்பி பிடிக்கும். "காப்பி சாப்பாடு" என்றார், தன் கையைத் தானே வெட்டிக்கொள்பவர் மாதிரி.

"யாராவது கொண்டாந்து குடுத்தா?"

"குடுத்தாலும் வாங்கினதுதான்."

அவள் சம்மதித்தாள். அப்பா கொடுத்த வீட்டை இப்படியா பணயம் வைப்பது என்று கேட்பவர்களுக்கு, அவரை அவளுக்குத் தெரிந்த அளவு தெரியாது. கட்டிய வேலியில் அவரே சட்டையைக் கிழித்துக்கொள்வார். தோண்டிய குழியில் அவரே விழுவார். இரண்டு மாதம் தாங்கினால் அதிகம் என்று நினைத்தாள். டவுன் வீட்டுச் சாவியை முடிச்சுப் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

மழை வந்தது. சோளம், தட்டைப்பயறு, நிலக்கடலை, சர்க்கரைவள்ளி என்று அவர் விதைத்தார். களை என்று ஒன்றே கிடையாது, நமக்கு இன்னும் அறிமுகமாகாத செடிகள்தான் அவை என்று எங்கோ கேட்டுவந்து சொன்னார். அறிமுகமாகாத செடிகள் இடுப்பளவு வந்தபோது அவள்தான் குனிந்து ஒவ்வொன்றாக அறிமுகம் செய்துகொண்டு பிடுங்கினாள். சாம்பலும் எண்ணெயும் காய்ச்சி அவர் செய்த சோப்பு அழுக்கை விட்டுவிட்டுத் தோலை எடுத்தது. கரியைப் பொடித்துப் பல் தேய்த்தார்கள். சிரித்தால் அடுப்பு வாய் மாதிரி இருக்கும் என்பதால் வீட்டில் சிரிப்பும் குறைந்தது. அவர் வைத்த தேன்பெட்டியில் ஈக்கள் தேன் சேர்த்ததைவிட அவரைக் கொட்டியது அதிகம். ஒரு கண் மூடிய நிலையில் ஒரு கிண்ணம் தேனைக் கையில் ஏந்தி அவர் வந்து நின்ற கோலத்தைப் பார்த்து, பாவம் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

சோம்பேறி என்று மட்டும் அவரைச் சொல்ல முடியாது. சோம்பேறியாக இருந்திருந்தால் இருவரும் நன்றாக இருந்திருப்பார்கள்.

ஆடு ஒன்று இருந்தது. அதற்கு அவள் வைத்த பெயர் மேனேஜர். இன்சூரன்ஸ் ஆபீசில் அவருக்கு மேலே இருந்தவர் அப்படித்தான் இருப்பாராம்: வாய் அசைந்துகொண்டே இருக்கும், கண் நம்மையே பார்க்கும், வேலை ஒன்றும் நடக்காது. மேனேஜர் தின்னாத பொருள் உலகத்தில் இல்லை. கயிறு, சாக்கு, அவருடைய வைக்கோல் தொப்பி, ஒரு முறை தேன்பெட்டியின் கதவு.

குளிர்காலம் அவருக்கு நல்ல காலம். சோளம் களத்தில், பயறு பானையில், கிழங்கு மண்ணுக்குள். கொடியில் சுரைக்காய் குண்டு குண்டாகத் தொங்கியது. அந்த வருஷத்துச் சுரைக்காய் உண்மையிலேயே நன்றாக இருந்தது. அவளே இரண்டாவது முறை போட்டுக்கொண்டாள். அவர் அதைக் கவனித்துவிட்டார். அதிலிருந்து அந்தக் காயைப் பற்றிப் பேசுவதை அவர் நிறுத்தவில்லை. கிணற்றோரமாகத் தொங்கிய பெரிய காய் ஒன்றை விதைக்கென்று முற்றவிட்டார்.

"அந்தக் கெணத்துக்கிட்ட இருக்கற பேய்ச்சுரையை மொதல்ல வெட்டிப் போடுங்க" என்றாள் அவள். பேய்ச்சுரை பார்க்கச் சுரைக்காய்தான், நாக்கில் வைத்தால் உயிர் போகிற கசப்பு.

"அதை ஏன் வெட்டணும்? அதோட ஓடுதான் எனக்கு டப்பா."

அது நிஜம்தான். பேய்ச்சுரை காய்ந்தால் ஓடு கல்லு மாதிரி ஆகிவிடும். அதைக் குடைந்து, மூடி செதுக்கி, விதைகளை அதில்தான் போட்டு உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தார். காசு கொடுத்து பிளாஸ்டிக் டப்பா வாங்குகிறவர்களை நினைத்து அவர் இரக்கப்படுவார். சுரைப்பூ சாயங்காலம் விரிகிற பூ. அந்தி சாய்ந்ததும் அந்துப்பூச்சிகள் பேய்ச்சுரைக்கும் நல்ல சுரைக்குமாகப் போய் வந்துகொண்டிருந்ததை இருவரும் வாசலில் உட்கார்ந்து பார்த்தார்கள். அழகாகத்தான் இருந்தது. அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

அந்தக் குளிரில்தான் தாடிக்காரர் வர ஆரம்பித்தார். டவுனில் ஏதோ கம்பெனியில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் இயற்கை. வரும்போது கழுத்தில் கேமரா, கையில் பாட்டில் தண்ணீர். வீட்டுத் தண்ணீரைக் குடிக்க மாட்டார். "சார், நீங்க வாழறீங்க. நாங்கல்லாம் வெறுமனே இருக்கோம்" என்பார். அவர் போட்டோ எடுக்கும்போது வாங்காதவர் மண்வெட்டியைத் தோளில் வைத்து வானத்தைப் பார்ப்பார். பின்னால் அவள் தண்ணீர்க் குடத்தோடு வந்தால், "அம்மா, கொஞ்சம் ஓரமா" என்பார் தாடிக்காரர்.

கொழுந்தனும் வந்தார். டவுனில் டயர் கடை வைத்திருந்த தம்பி. சரக்கு வண்டியில் வருவார். அண்ணிக்கென்று ஒரு பை கொண்டுவந்தார்: சர்க்கரை, காப்பித்தூள், கோதுமை மாவு.

"கேட்டுலயே நில்லு" என்றார் அண்ணன்.

"அண்ணே, காப்பித்தூள். வெடிகுண்டு இல்ல."

"உள்ள வந்தா நான் தோத்தேன்னு அர்த்தம். வேணும்னுதானே கொண்டாந்த?"

"நீ தோக்கறதுக்கு நான் எதுக்குண்ணே காசு செலவு பண்ணணும்? அது தானா நடக்கும்."

அவள் சிரித்துவிட்டாள், கரிப்பல்லோடு. பை கேட்டின் கம்பியில் தொங்கியது. கொழுந்தன் போகும்போது அதை எடுத்துப் போகச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. உள்ளே எடுக்கவும் வார்த்தை விடவில்லை. தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் பையருகே நின்று மூச்சை இழுப்பாள். காக்கையும் அணிலும் கிழித்து, பனி இறங்கி, கடைசியில் அது ஒரு கந்தலாகி விழுந்தது. அன்றுதான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. இரண்டு மாதம் என்று அவள் போட்ட கணக்கு எப்போதோ தாண்டிவிட்டது. மனிதர் ஜெயித்துத் தொலைத்துவிடுவார் போலிருந்தது. தலையணைக்கு அடியில் சாவி அந்த இரவிலிருந்து உறுத்தத் தொடங்கியது.

கோடை அவளுக்குத் துணை நின்றது. மழையில் சரியாகக் காயாத சோளத்தில் பாதி பூசணம் பிடித்துக் கொட்டப்பட்டது. மீதியில் வண்டு. கோழிகள் வெயிலுக்கு முட்டையிடுவதை நிறுத்தின. கிழங்கைப் பன்றி தோண்டிவிட்டுப் போனது. பானையில் தட்டைப்பயறு அடிமட்டத்தில் கிடந்தது. இருவருக்கு மழை வரை போதாது என்பது பார்த்தாலே தெரியும். சாப்பாட்டில் அவர் தனக்குக் குறைத்துப் போட்டுக்கொண்டு, பசியில்லை என்பார். விலா எலும்பு தெரிந்தது. அதையும் சட்டையைக் கழற்றிவிட்டுத் தாடிக்காரரிடம் போட்டோவாக்கிக்கொண்டார்.

ஆனால் சுரைக்கொடி காய்த்தது. விதைக்கு விட்ட அந்தக் கிணற்றோரக் காயின் விதை. கோடையின் நடுவில் ஊற்றிய கொஞ்சத் தண்ணீருக்கே பந்தலை மூடிக்கொண்டு, பிஞ்சும் காயுமாக இறங்கியது. அவருக்கு உயிர் வந்தது.

"பாத்தியா? என் கையால எடுத்த விதை. இது ஒண்ணே போதும், மழை வரைக்கும் இழுத்துடலாம். அப்புறம் உன் வீட்டுக்கு ஆள் பாக்கறேன்."

அவள் முதல் காயைப் பறித்து வந்து நறுக்கினாள். காம்புப் பக்கத்தில் ஒரு துண்டை நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பது அவள் வழக்கம். வைத்தாள். வைத்ததும் துப்பினாள். வாசலுக்கு ஓடி வாயைக் கொப்புளித்தாள். கொப்புளித்த பிறகும் தாடை வரை கசந்தது.

"கசக்குது. எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க."

"சுரைக்காய் எங்கயாவது கசக்குமா? போன தடவை ரெண்டு தரம் போட்டுத் தின்னியே. அதே காயோட விதை இது."

"வேணும்னா நக்கிப் பாருங்க."

அவர் ஒரு துண்டை வாயில் போட்டார். முகம் சுருங்கியது, சுருங்கியதை மேலே இழுத்து விட்டுக்கொண்டார். மென்றார். விழுங்கினார்.

"லேசா இருக்கு. கசப்பு ரத்தத்துக்கு நல்லது."

அவள் நறுக்கியதை ஒரு தட்டில் எடுத்துப்போய் மேனேஜருக்கு வைத்தாள். கயிறும் கதவும் தின்ற ஆடு முகர்ந்து பார்த்தது, மூக்கைச் சிலுப்பியது, தட்டைக் காலால் தள்ளிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது.

"ஆடே தொடல. பாத்தீங்கல்ல?"

"நீ குடுத்த செல்லம். ஆடு கெட்டுப்போச்சு."

அவளுக்குப் புரிந்துவிட்டது. காய் கசக்கிறது என்று ஒத்துக்கொண்டால் வேறு சாப்பாடு வேண்டும். வேறு சாப்பாடு கடையில்தான் இருக்கிறது. கடைக்குப் போனால் மழைக்கு முந்தி, வருஷத்தின் கடைசி வாசற்படியில், தோல்வி. நாக்கு கசக்கிறது என்று சொல்வதைவிடக் கசக்கவில்லை என்று சொல்வது அவருக்குச் சுலபம்.

"சரி, நீங்க ஜெயிச்சதாவே இருக்கட்டும். அந்தக் காயைத் தின்ன வேணாம். பயறு இருக்கு, ஒரு வேளை திம்போம்."

"நீ விட்டுக்குடுத்து நான் ஜெயிக்கணுமா?"

அடுப்பில் வைத்து, உப்பும் மிளகாயும் போட்டு, அவரே வேகவைத்தார். மத்தியான நேரம். ஒரு கிண்ணம் நிறையப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவள் கிண்ணத்தைப் பிடித்து இழுத்தாள். மிட்டாயைப் பறிகொடுக்காத குழந்தை மாதிரி அவர் தோளைத் திருப்பிக்கொண்டார்.

"உன் நாக்கு இன்னும் டவுன்லதான் இருக்கு" என்றார்.

கண்ணில் நீர் வடிந்தது. அதை மிளகாய் தலையில் போட்டார். ஒவ்வொரு வாயையும் அவளைப் பார்த்துக்கொண்டே விழுங்கினார். கிண்ணத்தை வழித்துக் கவிழ்த்து வைத்தபோது, உலகத்திலேயே தான் கட்டிக்கொண்ட மடையன் போல் இன்னொருவன் இருக்க முடியாது என்று அவள் நினைத்தாள். நினைத்ததைச் சொல்லியும் விட்டாள்.

"மடையன்தான் சோறு போடறான்" என்றார். அதுதான் அவர் நல்ல குரலில் பேசிய கடைசிப் பேச்சு.

பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் வாந்தி ஆரம்பித்தது. பிறகு வயிறு. பிறகு இரண்டும் நிற்கவில்லை. கொல்லைப்புறச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. அவள் கொழுந்தனுக்குப் போன் செய்தாள். அவர் வரும்வரை உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுக்கலாம் என்று அடுப்படிக்கு ஓடியவள், பாதி வழியில் நின்றாள். உப்பு இருந்தது. அந்த வீட்டில் சர்க்கரை வந்து ஒரு வருஷமாகிறது. தேன் எப்போதோ தீர்ந்துவிட்டது.

கடைக்கு ஓடினாள். செருப்பில்லாமல் வந்து நின்றவளைக் கடைக்காரர் அடையாளம் கண்டுகொள்ளச் சற்று நேரமானது. விஷயத்தைக் கேட்டதும் ஒரு கொத்து உப்பு சர்க்கரைப் பொட்டலங்களைக் கிழித்துக் கையில் திணித்தார்.

"ஓடும்மா. அப்புறம் பாத்துக்கலாம்."

சொம்பில் கரைத்து வாயருகே கொண்டுபோனபோது அவர் தலையைத் திருப்பினார்.

"என்ன அது?"

"உப்பும் சர்க்கரையும்."

"சர்க்கரையா?"

"குடிங்க."

"கடையில வாங்கினியா?"

வாந்தியில் ரத்தம் தெரிந்தது. அவளுக்கு அவரை அறையலாம் போல இருந்தது.

"பொட்டலத்துல மருந்துன்னு போட்டிருக்கு."

"படி."

அவள் ஈரக் கையோடு பொட்டலத்தைப் பிரித்துப் பிடித்துப் படித்தாள். அதில் எழுதியிருந்ததை முழுவதும் படித்தாள், எப்படிக் கரைப்பது, எங்கே வைப்பது, குழந்தைகளுக்கு எவ்வளவு என்பது வரை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மருந்து கணக்குல வராது" என்றார். குடித்தார். குடித்தது நிற்கவில்லை.

கொழுந்தன் வந்து அவரை டயர்களுக்கு நடுவில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டர் சின்னப் பெண். குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே கேட்டாள்.

"என்ன சாப்பிட்டார்?"

"சுரைக்காய்."

"கசந்துதா?"

"கசந்துது."

"நல்ல சுரைக்காயும் பேய்ச்சுரையும் கலந்துபோனா அடுத்த விதையில இப்படி வரும். விஷம். எவ்வளவு சாப்பிட்டார்?"

"ஒரு கிண்ணம்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். "அவ்வளவு கசப்பை எப்படி முழுங்கினார்? ஏன்?"

இதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"அவர் வளத்தது, டாக்டர்" என்றாள்.

விடிவதற்குள் போய்விட்டார்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் நல்ல வார்த்தையாகத் தேடித் தேடிச் சொன்னார்கள். மண்ணை நேசித்தவர் என்றார் ஒருவர். இயற்கையோடு இரண்டறக் கலந்துவிட்டார் என்றார் இன்னொருவர். அவளுக்குக் கேட்கக் கேட்க எரிச்சலாக இருந்தது. இயற்கையோடு கலந்தவர் அல்ல. அது கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்று சொன்னதை, ஆடு உட்படச் சொன்னதை, கேட்காமல் தின்றவர்.

தாடிக்காரர் மறுவாரம் வந்தார். கேமரா இல்லாமல் வந்தார், அந்த அளவுக்கு மரியாதை தெரிந்தவர். முற்றத்தில் நின்று பந்தலைப் பார்த்தார். கொடி இல்லை. சாம்பல்தான் இருந்தது.

"அம்மா, அந்தச் சுரைக்கொடி?"

"பிடுங்கி எரிச்சுட்டேன். கெணத்துக்கிட்ட இருந்ததையும்."

அவர் முகம் சுண்டிவிட்டது. "அது சாரோட சொந்த விதைம்மா. அவர் நினைவா நாலு விதை வாங்கிட்டுப் போய் எங்க குழுவுல எல்லாருக்கும் குடுக்கலாம்னு வந்தேன். இது ஒரு சொத்து. நீங்க எரிச்சிருக்கக் கூடாது."

அவள் உள்ளே போனாள். எரிக்காமல் விட்ட காய் ஒன்று, ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்டால் காட்டலாம் என்று வைத்தது, யாரும் கேட்காமல் மூலையில் கிடந்தது. அதிலிருந்து நகக்கண் அளவு சீவிக் கத்தி நுனியில் கொண்டுவந்தாள்.

"நாக்குல வையுங்க. முழுங்கிடாதீங்க."

ஏதோ சடங்கு என்று நினைத்தார் போலிருக்கிறது, பக்தியோடு வைத்தார். அடுத்த நொடி துப்பினார். தாடியைப் பிடித்துக்கொண்டு துப்பினார். பாட்டில் தண்ணீர் தீர்ந்தும் கசப்பு தீராமல், அந்த வீட்டுக் குடத்திலிருந்து முதல் முறையாக அள்ளி அள்ளிக் கொப்புளித்தார்.

"இதை ஒரு கிண்ணம் சாப்பிட்டார் உங்க சார்" என்றாள். "விதை எத்தனை வேணும்?"

அவர் பிறகு வரவில்லை.

கொழுந்தன்தான் இரண்டு நாளைக்கு ஒரு முறை வந்தார். டவுன் வீட்டை ஆளை விட்டுக் கூட்டிப் பெருக்கிவிட்டதாகச் சொன்னார். கையில் பை.

"கேட்டுலயே மாட்டுங்க, தம்பி" என்றாள்.

"அண்ணி, என்ன இது?"

"இன்னும் மழை வரல."

"அவரே இல்ல. யாருக்கு இந்தப் பிடிவாதம்?"

"நான் ஏமாத்திட்டேன்னு அவர் சொல்லக் கூடாது."

"அவர் எங்க அண்ணி சொல்லப் போறார்?"

"அவர் சொல்லாம விட்டது ஒண்ணு சொல்லுங்க பாப்போம்."

கொழுந்தன் பையைக் கம்பியில் மாட்டிவிட்டு, வண்டியில் சாய்ந்து நின்று அழுதார். அவள் அழாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடு பையை எட்டப் பார்த்தது. அதை மட்டும் இழுத்துக் கட்டினாள்.

தட்டைப்பயறை வேகவைத்துத் தின்றாள். பன்றி விட்டுப்போன கிழங்கின் கொடியில் கீரை பறித்தாள். வெயில் தணிந்து கோழி ஒன்று முட்டையிட்டது. இருவருக்குப் போதாது என்று கிடந்த பயறு ஒருத்திக்குப் போதுமானதாக இருந்தது. மழை வந்த அன்று பானையில் இன்னும் இரண்டு பிடி மீதி இருந்தது. அதைப் பார்த்துத்தான் அவளுக்கு வந்தது ஆத்திரம். பானையைத் தூக்கி முற்றத்தில் கவிழ்த்தாள். மழை பயறை மண்ணோடு சேர்த்து அடித்துக்கொண்டு போனது.

நனைந்துகொண்டே கடைக்குப் போனாள். மேனேஜரையும், கோழிகளையும், உத்தரத்தில் தொங்கிய சுரை ஓடுகளையும், அவர் தொப்பியில் ஆடு மிச்சம் வைத்ததையும் கொழுந்தன் பார்த்துக்கொள்வார். சாவி மட்டும் இடுப்பில் இருந்தது. கடை வாசலில் நின்று புடவையைப் பிழிந்தாள். கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உக்காரும்மா. என்ன வேணும்?"

ஒரு வருஷமாக இந்தக் கேள்விக்குப் பதிலைப் படுக்கும்போதெல்லாம் வரிசையாகச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். இப்போது வேறு ஒன்றைக் கேட்டாள்.

"அண்ணே, உண்மையைச் சொல்லணும். எப்பவாவது, எனக்குத் தெரியாம, அவர் வந்தாரா? ஒரு பிஸ்கட்டு, ஒரு மிட்டாய், ஏதாவது."

வந்தார் என்று சொல்லிவிட மாட்டாரா என்றிருந்தது அவளுக்கு. திருட்டுத்தனமாக ஒரு நாள் ஒரு பிஸ்கட் தின்றிருந்தால் போதும். வீட்டுக்குப் போய் வெறும் சுவரைப் பார்த்து நன்றாகத் திட்டிவிட்டு, தோற்றவர் என்று முடித்துக் கதவைச் சாத்திவிடலாம்.

கடைக்காரர் கொஞ்ச நேரம் தராசுத் தட்டைத் துடைத்தார்.

"வரலம்மா. ஒரு தடவைகூட வரல. இந்தப் பக்கம் போறப்ப அந்த பிஸ்கட் ஜாடியைப் பாப்பார். ஒரு நாள் நின்னே பாத்தார். எடுத்துக்குங்க சார், காசு வேணாம்னு சொன்னேன். 'நான் பாக்கத்தான் பாத்தேன்'னுட்டுப் போயிட்டார்."

அவள் ஜாடியைப் பார்த்தாள். சாதாரணக் கண்ணாடி ஜாடி. மூடியில் ஒரு கீறல்.

"அப்ப ஜெயிச்சிட்டார்" என்றாள்.

"எதுலம்மா?"

"ஒண்ணுமில்ல. இனிமே வீட்டை விக்கச் சொல்ல ஆளில்ல. அதுல ரெண்டு குடுங்க. டவுன் பஸ் எப்ப?"

"இப்ப வந்துரும். மழையில கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும்."

பிஸ்கட் நமத்துப் போயிருந்தது. கடித்தால் சத்தமே வரவில்லை. ஈரச் சாக்கு மாதிரி பல்லில் ஒட்டியது. ஒரு வருஷமாக அவர் பார்த்துக்கொண்டே போன பிஸ்கட்.

"நமத்திருக்கு" என்றாள்.

"எப்பவும் நமத்துதான் இருக்கும்மா. மூடி சரியில்ல."

அவள் இரண்டாவதையும் தின்றாள். பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே, ஜாடியைக் காட்டி இன்னும் இரண்டு கேட்டாள்.